காட்டுத் தீயும் ஒரு பத்வாவும்

2015ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சுமாத்திரா, கலிமந்தான் உள்ளிட்ட பகுதிகளில் சுமார் 26 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தது. எல் நினோ வறட்சி அவ்வருடம் கடுமையாக இருந்தது உண்மை. ஆனால் தீயை வைத்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களே. பாம் எண்ணெய் போன்ற தோட்டங்களுக்கு நிலத்தைத் துப்புரவாக்க அதுவே செலவு குறைந்த வழி.

அங்குள்ள சதுப்பு நிலங்களில் மக்கிய தாவரங்கள் பல மீற்றர் ஆழத்துக்குப் படிந்துள்ளன. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அவை காய்ந்து விறகுபோல் ஆகிவிடும். மேலே அணைத்தாலும் நிலத்தடியில் வாரக்கணக்கில் புகையும். அப்புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று இரத்தத்திலும் கலக்கின்றன. சிறுவர்கள், முதியோர், ஆஸ்துமா நோயாளர்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

புகைக்கு எல்லையில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் விமானப் பயணங்கள் இரத்தாகின. கோலாலம்பூர் மரதன் ஓட்டமும் கைவிடப்பட்டது.

2016இல் இந்தோனேசிய உலமா சபை, பிறருக்கும் சூழலுக்கும் தீங்கு தரும் வகையில் காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என பத்வா வழங்கியது. வகுப்பில் சூழல் பற்றிப் பேசும்போது நான் இதைத் தவறாமல் சொல்வேன். பரீட்சைக்குரிய விடயம் அப்போதுதான் பிள்ளைகளுக்கு மார்க்கக் கடமையாகவும் புரிகிறது.

எமது ஊவா மலைகளிலும் வறட்சிக் காலத்தில் மானாப்புல் எரிகிறது. அங்கும் பெரும்பாலும் மனிதக் கைகளே காரணம். விடுமுறைக்கு எல்ல, ஹப்புத்தளை செல்லும் எமது இளைஞர்கள் மூட்டும் அடுப்பை அணைக்காமல் வந்தாலும் விளைவு அதுவே. வறட்சிக்கு முன் ஒரு ஜும்ஆவிலாவது இதைப் பேசினால் என்ன?