வகுப்பில் எழுதிய கதைகளைப் புத்தகமாக்குவது: சில குறிப்புகள்

எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பிள்ளைங்க பன்னிரண்டு சிறுகதை எழுதியிருக்காங்க, புத்தகமாப் போடணும், கிண்டில்லயும் ஏத்தணும், எப்படி? தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் வரிசை. பலரும் கிண்டிலில் ஆரம்பித்துப் பின்னோக்கி வருகிறார்கள். திருத்தக்கூடிய வேலை முதலில், திரும்பப் பெற முடியாத வேலை கடைசியில் என்பதுதான் என் கட்சி. எழுத்துருவை நூறு தடவை மாற்றலாம். இணையத்துக்குப் போன கதையைக் கூப்பிட்டால் வராது.

மூலப்பிரதியிலிருந்து தொடங்குவோம். இன்றைக்குப் பெரும்பாலான மாணவர்கள் ஃபோனில் அடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். நல்லதுதான், யூனிகோடாக வந்துவிடுகிறது. நோட்டில் எழுதியதை டிடிபி கடையில் கொடுத்து அடிப்பவர்கள் மட்டும் "யூனிகோடுல வேணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள், மேலே தமிழ் முகமூடி, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதில் செய்த எத்தனையோ பள்ளி ஆண்டு மலர்கள் இப்போது காகிதத்தில் மட்டும்தான் மிச்சம். அதில் கதை எழுதிய ஒருவர் தன் கதையைத் தேட நினைத்தால் பரண்மேல்தான் ஏற வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு பொடி வைத்திருக்கிறது. கதாபாத்திரத்தின் பெயர் கௌரி என்று வைத்துக்கொள்வோம். சிலர் கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெளரி' என்று அடித்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினிக்கு மட்டும் அது கெ-ள-ரி. தேடினால் கிடைக்காது, கணினியை வாசிக்கச் சொன்னால் 'கெளரி' என்றே வாசிக்கும். சரி, எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக மாற்றிவிடலாமே என்று ஒரே அடியாக மாற்றினால் தெளிவு, வெள்ளி, கெளுத்தி எல்லாம் நாசம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இந்த வேலையை எழுதியவரிடமே கொடுங்கள், ஒரு தடவை செய்தவர் அப்புறம் அந்தத் தப்பைப் பண்ணமாட்டார்.

எழுத்துப்பிழை திருத்தும்போது உரையாடலில் கை வைக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டி "வந்தாவ" என்று சொன்னால் அது பிழை இல்லை. அதை "வந்தார்கள்" ஆக்கினால் பாட்டி காணாமல் போய்விடுவார். விவரணையில் ஒற்றுப்பிழையைத் திருத்தலாம், அதையும் மாணவர் பார்க்கத் திருத்த வேண்டும்.

வடிவமைப்புக்கு லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் போதும். இன்டிசைன் இருந்தால் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரே விதிதான்: எதையும் ஸ்பேஸ் தட்டியோ என்டர் தட்டியோ நகர்த்தாதீர்கள். கதைத் தலைப்புக்கு 'ஹெடிங் 1', பத்திக்கு ஒரு ஸ்டைல், அதில் முதல் வரிக்கு அரை சென்டிமீட்டர் உள்தள்ளல். இப்படிச் செய்தால் பொருளடக்கம் தானாக வரும், அதே கோப்பிலிருந்து பிடிஎஃப்பும் இபப்பும் எடுக்கலாம். வாட்ஸப்பிலிருந்து வந்த கதைகளில் பத்திக்கு நடுவே இரண்டு என்டர் இருக்கும், அவற்றை நீக்க வேண்டும். ஆனால் காட்சி மாறும் இடத்தில் விட்ட இடைவெளியும் அதோடு போய்விடும். அதனால் அங்கே மட்டும் முதலிலேயே மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிடச் சொல்லுங்கள். வெறும் இடைவெளி பக்கத்தின் அடியில் வந்து விழுந்தால் வாசகருக்குத் தெரியவே தெரியாது.

எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். இலவசம், திறந்த உரிமம், அச்சுக்கும் மின்னூலுக்கும் யாரையும் கேட்க வேண்டாம். ஏ5 பக்கத்துக்கு 11 புள்ளி அளவு, வரிக்கு வரி 16 புள்ளி. தமிழில் மேலே சுழி, கீழே வால் என்று இரண்டு பக்கமும் நீளும், ஆங்கிலப் புத்தகத்தின் வரி இடைவெளி நமக்குப் பத்தாது. இரு ஓரமும் சமன் செய்தால் நம் நீளமான சொற்களால் வரி நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பழைய அச்சுக்காரர்கள் கோடு போடாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள், புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்காமல் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் இடப்பக்கம் மட்டும் சமன் செய்யுங்கள், கண்ணுக்கு ஒன்றும் உறுத்தாது.

அடுத்து காகிதம். ஏ4 தாளை மடித்தால் 4 பக்கம், ஆகவே மொத்தப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 40 பக்கம் என்றால் பத்துத் தாள். அச்சிடும்போது 'புரோஷர்' என்ற தேர்வைக் கொடுத்தால் பக்க வரிசையை லிப்ரேஆஃபிஸே பார்த்துக்கொள்ளும். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மாணவர்கள் கையில் பேனாவோடு கொடுங்கள். வகுப்பின் நிஜமான பாடம் இங்கேதான் நடக்கிறது. நோட்டில் பதினாலு பக்கம் எழுதிய கதை அச்சில் நாலே பக்கம் ஆகியிருப்பதைப் பார்த்து முகம் சுருங்கும். ஒரே பத்தி ஒரு முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நிற்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடிப்பார்கள். திரையில் மூன்று தடவை படித்தும் தெரியாத வாக்கியம் காகிதத்தில் இடறும்.

கடைசியாக வெளியீடு. கதையின் பதிப்புரிமை எழுதிய மாணவருக்குத்தான், பள்ளிக்கோ ஆசிரியருக்கோ இல்லை. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும். கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், ஐஎஸ்பிஎன் தேவையில்லை. கணக்கு ஒரு பெரியவர் பெயரில் இருக்க வேண்டும், ராயல்டியும் அந்த ஒரு கணக்குக்குத்தான் வரும். பன்னிரண்டு பேருக்கும் யார் பிரித்துக் கொடுப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். 'கேடிபி செலக்ட்' பெட்டியை டிக் செய்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் எனக்குப் பிடித்த உரிமம், ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. பதினாலு வயதுப் பிள்ளையிடம் உடனே கையெழுத்து வாங்கும் விஷயம் இல்லை அது.

பிள்ளைகள் பெரும்பாலும் தம் வீட்டைத்தான் எழுதுகிறார்கள். அப்பா குடித்துவிட்டு வருவது, அக்கா வீட்டைவிட்டுப் போனது. பெரும்பாலும் அந்தக் கதைதான் தொகுப்பிலேயே நல்ல கதையாகவும் இருக்கும். அதை நீக்கச் சொல்வது தவறு, அப்படியே உலகத்துக்கு ஏற்றுவதும் தவறு. முப்பது பிரதி அச்சடித்து வகுப்புக்குள் கொடுப்பது ஒன்று, பெயரைத் தேடினால் பத்து வருடம் கழித்தும் வந்து நிற்பது வேறொன்று. எனவே ஒவ்வொரு கதைக்கும் தனியாகக் கேளுங்கள்: அச்சில் மட்டுமா, மின்னூலிலுமா, சொந்தப் பெயரா, புனைபெயரா? பதிலை யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள், வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஒன்பது பேர் சரியென்றால் மின்னூலில் ஒன்பது கதை, அச்சில் பன்னிரண்டு. ஸ்டைல் வைத்துச் செய்த கோப்பு என்றால் மூன்று கதையை எடுத்துவிட்டு மறுபடி இபப் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

உரிமைப் பக்கத்தில் வகுப்பின் பெயர், மாதம், ஆண்டு, 'அந்தந்தக் கதையின் உரிமை எழுதியவருக்கு' என்ற வரி, எழுத்துருவின் பெயர் இவை போதும். பிள்ளைகளின் ஊர், பள்ளி, ஃபோன் எண் எதுவும் அதில் வேண்டாம்.