அடிபட்ட குழந்தை எழுந்து விளையாடுகிறதா? அப்போதும் கண் வையுங்கள்!

சில மணி நேரம் கழித்துக்கூட ஆபத்து வரும்

மாலை 5 மணி. மொட்டை மாடியில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு பழைய பெயிண்ட் டப்பா. பந்து கீழே போய்விட்டது. டப்பா மேல் ஏறி ஒரு பையன் எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

வியாசர்பாடி வீடானாலும் சரி, வேளச்சேரி பிளாட்டானாலும் சரி, பிள்ளைகள் விழுகிற விதம் இதுதான். டப்பா, நாற்காலி, பூந்தொட்டி, ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டில். கால் வைக்க ஒன்று கிடைத்தால் போதும், குழந்தை ஏறிவிடும்.

விழுகிறபோது தலைதான் முதலில் தரையில் மோதுகிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் 4-ல் ஒரு பங்கு தலை. வளர்ந்த ஆளுக்கு சுமார் 8-ல் ஒரு பங்குதான். தலை கனம், கழுத்துக்கோ பலம் போதாது. அதனால்தான் தலைகுப்புற விழுகிறது.

எழுந்து விளையாடும், பிறகு...

விழுந்த குழந்தை வீல் என்று அழுகிறது. தாய் ஓடி வந்து தூக்குகிறாள். பாட்டி புடைப்பின் மேல் தேங்காய் எண்ணெய் வைத்து பரபரவென்று தேய்க்கிறாள். அரை மணி நேரத்தில் பிஸ்கட் தின்றுவிட்டு குழந்தை மறுபடி ஓடுகிறது. ''ஒண்ணும் இல்லப்பா'' என்று வீடே நிம்மதி அடைகிறது.

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உண்மைதான். ஆனால் எப்போதாவது ஒரு குழந்தைக்கு மண்டை ஓட்டுக்கும், மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்திருக்கும். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதுவரை குழந்தை பேசும், சிரிக்கும், சாப்பிடும். சேர்ந்த ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கியதும் தலைவலி, வாந்தி, பிறகு தூக்கம். ''விளையாடி அலுத்துத் தூங்குது'' என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்கள். அது தூக்கம் அல்ல, மயக்கம்.

நேரத்தோடு கொண்டுபோனால் மண்டை ஓட்டைத் திறந்து அந்த ரத்தத்தை எடுத்துவிடலாம். அப்படிப் பிழைத்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கியது 1950-ல். வைத்தியம் நம் ஊரில் இல்லாமல் இல்லை. நேரம்தான் கை நழுவிப் போகிறது.

எதைப் பார்க்க வேண்டும்?

அடிபட்டு ஒன்று முதல் இரண்டு நாள் வரை குழந்தை மேல் ஒரு கண் இருக்க வேண்டும். நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான். கண் பாப்பாக்களில் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாகத் தெரிந்தாலும், ஒரு கை கால் துவண்டாலும், தலைவலி கூடிக்கொண்டே போனாலும் அப்படியே. மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் ''சளி'' என்று துடைத்துவிடக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

கைக்குழந்தைக்கு சொல்லத் தெரியாது. பால் குடிக்க மறுப்பது, எப்படிச் சமாதானம் செய்தும் அழுகை நிற்காதது, உச்சிக்குழி உப்பி நிற்பது, தலையில் மெத்தென்ற வீக்கம். இவைதான் அது பேசுகிற பாஷை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தலையில் நன்றாக அடிபட்டால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவதே மேல்.

''தூங்கவே விடக் கூடாது'' என்று இரவெல்லாம் குழந்தையைப் போட்டு உலுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது தேவையில்லை. தூங்கட்டும். நடுநடுவே எழுப்பி, பெயர் கேட்டு, ஆளை அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. அமெரிக்காவில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009-ல் வெளிவந்த ஆராய்ச்சி, யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று கண்டுபிடிக்க டாக்டர்களுக்கு வழி சொன்னது. அதில் விழுந்த உயரமும் ஒரு கணக்கு. 2 வயதுக்குள் என்றால் 3 அடிக்கு மேல், அதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 5 அடிக்கு மேல்.

காபித்தூள், சோடா

புடைப்பைத் தேய்க்கக் கூடாது. துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி மெதுவாக வைக்கலாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். தலைத்தோலில் சின்னக் கீறலுக்கே ரத்தம் கொட்டும். அதைப் பார்த்து அலறிப்போய் காபித்தூளை அள்ளி அப்பினால், தையல் போடுகிற டாக்டர் முதலில் அதைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது. மண்டை உள்வாங்கியது போல் இருந்தால் அங்கே அழுத்தவும் கூடாது.

தெருவில் விழுந்தால் கூட்டம் கூடிவிடும். ''சோடா கொண்டா, சோடா கொண்டா'' என்று ஒரு சத்தம். மயங்கிக் கிடக்கும் குழந்தை வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். மாடியில் இருந்து விழுந்த குழந்தைக்கு கழுத்தெலும்பிலும் அடிபட்டிருக்கலாம். மூச்சு இருக்கிறதென்றால் 108 வண்டி வரும்வரை தலையையும் கழுத்தையும் ஆடாமல் பிடித்துக்கொள்வதே உதவி. வாந்தி எடுத்தால் மட்டும் உடம்போடு சேர்த்து ஒரே மாதிரி பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

முன்னால் நிற்கும் பிள்ளை

காலை 8 மணிக்கு எந்தப் பள்ளிக்கூட வாசலில் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்பா தலையில் ஹெல்மெட். ஸ்கூட்டர் முன்னால் நிற்கும் பிள்ளை தலையில் ரிப்பன்! பிரேக் போட்டால் முதலில் பறப்பது யார்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அந்த பெல்ட்டை ரோட்டில் பார்த்தவர்கள் கையைத் தூக்கலாம்.

வீட்டுக்குள்ளும் வில்லங்கம் உண்டு. குழந்தையை நடக்க வைக்கும் சக்கர வண்டியை 2004-லேயே கனடா தடை செய்துவிட்டது. படிக்கட்டில் வண்டியோடு உருண்டதுதான் காரணம். நம் கடைகளில் கலர் கலராகத் தொங்குகிறது. தாழ்வான கூரை வீட்டில் குழந்தையைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் மாமாக்கள், மேலே மின்விசிறி சுற்றுகிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

''போலீஸ் கேஸ் ஆயிடுமோ?''

இந்தப் பயம்தான் பல வீடுகளில் நேரத்தைத் தின்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏ.ஆர். புத்தகத்தில் எழுதுவார்கள், போலீஸ் வந்து கேட்கும், மாமியார் திட்டுவார், புருஷன் அடிப்பான். மாடியில் இருந்து விழுந்த குழந்தையை ''கட்டில்ல இருந்து விழுந்துட்டான்'' என்று சொல்கிறார்கள். உயரத்தை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். பொய் சொன்னால் கணக்கே தப்பாகிவிடுகிறது.

பயம் வீண் என்றும் சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரலில் சென்னை புறநகரில் மாடியில் இருந்து தவறி கூரையில் விழுந்து தொங்கிய கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் உயிரைப் பணயம் வைத்து மீட்டார்கள். கீழே போர்வையை விரித்துப் பிடித்தபடி நின்றது ஒரு கூட்டம். ஊரே கைதட்டியது. கூடவே செல்போனில் உட்கார்ந்துகொண்டு தாயைத் திட்டித் தீர்த்தது இன்னொரு கூட்டம். அடுத்த மாதம் அந்தத் தாய் உயிரோடு இல்லை.

ரோட்டில் அடிபட்ட குழந்தையைத் தூக்கி வருகிறவருக்கு சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. பெயர், விலாசம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது நாலே கேள்விதான். எவ்வளவு உயரம்? எத்தனை மணிக்கு? நினைவு தப்பியதா? எத்தனை தடவை வாந்தி? தூக்கி வந்தவர் நேரில் பார்க்காதவர் என்றால், பார்த்தது பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தாலும் அவனையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரலாம்.