காப்புரிமை: பதிவு முறையும் ஆய்வு முறையும்

ஒருவர் தம் அறிவாற்றலால் புதிய பொறியொன்றை ஆக்கினால், குறிப்பிட்ட காலம்வரை அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது எனத் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. இதுவே பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை. ஆனால், அப்பொறி உண்மையிலேயே புதியதுதானா என்பதை யார், எப்போது சோதித்தறிவது? இவ்வினாவிற்கு நாடுகள் கண்ட இருவேறு விடைகளே பதிவு முறையும் ஆய்வு முறையும் ஆகும்.

பதிவு முறையில், விண்ணப்பம் முறைப்படி எழுதப்பெற்றுள்ளதா, கட்டணம் செலுத்தப்பெற்றதா என்பவற்றையே அலுவலகம் பார்க்கும். ஆய்வு முறையிலோ, முன்பே அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டுப் புதுமை உண்டெனக் கண்ட பின்னரே உரிமை வழங்கப்பெறும்.

இவ்விரண்டையும் பட்டறிந்த நாடு அமெரிக்கா. அங்கு 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியுறவுச் செயலாளர் தாமஸ் ஜெபர்சன், போர்த்துறைச் செயலாளர், தலைமை வழக்குரைஞர் ஆகிய மூவரே விண்ணப்பங்களை ஆராய வேண்டியிருந்தது. மற்ற அரசுப் பணிகளுக்கிடையே அச்சுமையை அவர்களால் தாங்க இயலவில்லை. மூன்றாண்டுகளுக்குள் 57 உரிமைகளே வழங்கப்பெற்றன. எனவே 1793-இல் ஆய்வு நீக்கப்பட்டது. உரிய தாள்களோடு 30 டாலர் செலுத்தியோர்க்கெல்லாம் உரிமை கிடைத்தது.

விளைவு என்ன? வழக்கிலிருந்த பழம்பொருள்களுக்கும் சிலர் உரிமை பெற்றனர். அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்த பிறருடைய மாதிரிகளைப் பார்த்து, சிறிதே மாற்றித் தமதெனப் பதிந்தோரும் உளர். ஒரே பொருளுக்குப் பலர் உரிமை கொண்டாடினர். உண்மையாக உழைத்தவரும் வழக்குமன்றப் படியேற நேர்ந்தது. மேலவை உறுப்பினர் ஜான் ரகிள்ஸ் தலைமையிலான குழு இக்கேடுகளை எடுத்துரைத்தது. அதன் பயனாக 1836 ஜூலை 4-இல் புதிய சட்டம் பிறந்தது. ஆய்வு மீண்டும் வந்தது. இம்முறை அப்பணி அமைச்சரிடம் விடப்படாமல், அதற்கென்றே அமர்த்தப்பெற்ற ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இச்சிக்கல் பழங்கதையன்று. சிங்கப்பூரில், ஆய்வறிக்கை பாதகமாக இருப்பினும் விண்ணப்பித்தவர் உரிமை பெற முன்பு வழியிருந்தது. 2014 பிப்ரவரி 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆய்வில் தேறியவற்றிற்கே உரிமை என வகுத்தது.

ஆய்வும் பிழையற்றதன்று, ஆய்ந்து வழங்கிய உரிமையும் பின்னர் நீக்கப்படலாம். எனினும் வேறுபாடு தெளிவானது. பதிவு முறையில், ‘இது புதிது என இவர் கூறுகிறார்’ என்று அரசு குறித்துக்கொள்கிறது. ஆய்வு முறையில், ‘புதிதெனக் கண்டோம்’ என்று சான்றளிக்கிறது. முன்னதில் சோதிக்கும் சுமை மக்கள்மீது பின்னர் விழுகிறது. பின்னதில் அரசே அதனை முன்னதாக ஏற்கிறது.