எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள்?

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஐந்து நாள் சிங்கப்பூர் வரத் திட்டமிடும் குடும்பம், ஹோட்டல் கட்டணத்தைப் பார்த்துத் திகைத்த கையோடு ‘வீடு ஏதாவது கிடைக்குமா’ என்று செயலியில் தேடுகிறது. நாலு பேருக்கு இரண்டு ஹோட்டல் அறை எடுப்பதைவிட, சமையலறையோடு ஒரு வீடு எடுப்பது மலிவு. குழந்தைக்குப் பால் காய்ச்சலாம், பெரியவர்களுக்கு ஒரு ரசம் வைத்துக் கொடுக்கலாம். பல நகரங்களில் இந்தக் கணக்கு சரிதான். சிங்கப்பூரில் செல்லாது.

இங்கே வீட்டையோ அதில் ஓர் அறையையோ நாள் கணக்கில் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடு, தரைவீடு போன்ற தனியார் வீடுகளில் வாடகைக்கு வருபவர் தொடர்ந்து 3 மாதமாவது தங்க வேண்டும். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அது 6 மாதம். செயலியில் படம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, பணமும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதாலேயே அந்த வீடு சட்டப்படி விடப்படுகிறது என்று ஆகிவிடாது.

பல நகரங்கள் ‘இத்தனை நாள் வரை விடலாம்’ என்று உச்சவரம்பு வைத்து விட்டுவிடுகின்றன. முழு வீட்டை விடுவதானால் லண்டனில் ஆண்டுக்கு 90 இரவு, ஆம்ஸ்டர்டாமில் அதிகபட்சம் 30. ஜப்பானில் 180 நாள். நியூயார்க் இன்னும் கறார். 30 நாளுக்குக் குறைவாகத் தங்கவைப்பவர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினர் இருக்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. பார்சலோனாவோ தன் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பரோடு முடித்துவிடப் போவதாக 2024இல் அறிவித்தது. சிங்கப்பூர் போட்டிருப்பது தலைகீழான கோடு: இதற்கு மேல் தங்கக் கூடாது என்பதல்ல, இதற்குக் குறைந்து தங்கக் கூடாது என்பது.

இந்தக் கோட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கவும் முயன்றார்கள். தனியார் வீடுகளுக்கும் முன்பு 6 மாதம்தான். 2017 ஜூன் 30 முதல் அது 3 மாதமாகக் குறைந்தது. மறு ஆண்டு, நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு திட்டத்தைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. ஒரு கொண்டோவின் உரிமைப் பங்கில் 80 விழுக்காடு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் அங்கே குறுகியகால வாடகையை அனுமதிக்கலாம், ஒரு வீட்டை ஆண்டுக்கு 90 நாள் வரை விடலாம் என்பது அதன் சாரம். வாடகைத் தளங்களுக்கு அந்த நிபந்தனைகள் கசந்தன. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ யோசனையே பிடிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குப் பெட்டி உருளும் சத்தம், நீச்சல்குளத்தில் நாளுக்கொரு புதுமுகம், மின்தூக்கியில் யார் வருகிறார்கள் என்றே தெரியாத நிலை. 2019 மே மாதம், இருக்கிற விதியே தொடரட்டும் என்று ஆணையம் முடிவெடுத்தது. குடியிருப்பு என்பது குடியிருப்பவர்களுக்கே என்ற அந்த வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிகிச்சைக்காக ஒரு மாதம் வந்து தங்கும் நோயாளியின் குடும்பத்துக்கு இந்தச் சட்டம் மலிவான வழி எதையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்குச் சட்டப்படி இருப்பது ஹோட்டலும், குறைந்தது 7 நாள் தங்க வேண்டிய சர்வீஸ் அபார்ட்மென்டும்தான். இரண்டுமே பையைக் கடிக்கும்.

விதியை மீறி வீட்டை விட்டவருக்கு 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கத் திட்டமிடல் சட்டம் இடமளிக்கிறது. இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. ஒரே கொண்டோவில் நான்கு வீடுகளை ஏர்பிஎன்பி என்ற வாடகைத் தளம் மூலம் விட்ட இருவருக்கு 2018 ஏப்ரலில் ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விழுந்தது. வீவக வீடு என்றால் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

தண்டனை விட்டவருக்குத்தானே, நமக்கென்ன என்று பயணி நினைப்பது இயல்பு. ஆனால் நட்டம் அவர் தலையிலும் விடியும். விட்டவர் பயந்துபோய்க் கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ, பாதுகாவலர் வாசலில் நிறுத்தினாலோ, சாங்கி விமான நிலையத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து நடுத்தெருவில் நிற்பது இவர்தான்.

இப்படிப்பட்ட வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அதை விடுபவர் அனுப்பும் தகவலே காட்டிக்கொடுத்துவிடும். ‘காவலாளி கேட்டால் 12ஆம் மாடியில் இருக்கும் நண்பரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். சாவி, படிக்கட்டுக் கம்பியில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியில் இருக்கும். எண்ணைப் பிறகு அனுப்புகிறேன். பெட்டிகளை ஒரேயடியாக எடுத்து வர வேண்டாம். மீதிப் பணத்தை நேரில் ரொக்கமாகத் தந்தால் போதும்.’ முறையாக விடுபவருக்கு இவ்வளவு ரகசியம் தேவையில்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வருகை அட்டையில் ஏதாவது ஒரு ஹோட்டல் பெயரைப் போடச் சொல்வார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்பும் அந்த அட்டையில் பொய் முகவரி தருவது உங்கள் குற்றம், வீட்டுக்காரருடையதல்ல. மூன்று மாத ஒப்பந்தம் ஒன்றைக் கண்துடைப்புக்கு எழுதி ஐந்து நாளில் கிளம்பச் சொல்வதும் உண்டு. தாளில் என்ன எழுதியிருந்தாலும் தங்கிய நாள்தான் கணக்கு.

வேலைக்கோ படிப்புக்கோ வந்திருப்பவர்களின் சிக்கல் வேறு மாதிரி. ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருப்பார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் மூன்று வாரத்துக்கு வாடகை வீணாகிறதே என்று தெரிந்தவரின் தெரிந்தவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிடுவார். உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் காசு வாங்கிக்கொண்டு மூன்று வாரம் விட்டால் சட்டத்தை மீறியவர் அவரே. உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் செய்திருந்தால் ஒப்பந்தமும் முறியும், முன்பணமும் போகும்.

வீவக அறை எடுப்பவர் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது. வாடகைக்கு விட உரிமையாளர் கழகத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறாரா, அதில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா? ‘அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் வேறு அறை பாருங்கள். வெளிநாட்டவரின் அனுமதிச் சீட்டு குறைந்தது இன்னும் 6 மாதத்துக்குச் செல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் இருப்பவருக்கு அங்கே வாடகை கிடையாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலைத் துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மலேசியராக இருந்தாலொழிய வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் பலரை இது நேரடியாகத் தொடுகிறது. ‘இரண்டு மாதம் என் அறையிலேயே இரு தம்பி’ என்று ஊர்க்காரர் கூப்பிட்டால் அந்த அன்பில் குறையில்லை. மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் தொல்லை.

வீட்டை விடும் உரிமையாளருக்கும் மூன்று கடமை உண்டு: வாடகைக்கு வருபவரின் அசல் அனுமதிச் சீட்டைப் பார்க்க வேண்டும், அதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டும், சீட்டை வழங்கிய மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு ஆணையத்திடமோ அது செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி ஒருவர் வீட்டில் பிடிபட்டால், முகவர் அழைத்துவந்தார் என்ற சாக்கு எடுபடாது. சிறைத்தண்டனை வரை போகலாம்.

முகவர் என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்பவரிடமும் கவனம் தேவை. சொத்து முகவர்களின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. அதில் உள்ள தொலைபேசி எண்ணும் உங்களை அழைத்த எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது விதி. வீட்டைக் காட்டாமல் ‘இன்றே முன்பணம் போட்டால்தான் உண்டு, இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்’ என்று அவசரப்படுத்துபவரை ஏமாற்றுப் பேர்வழி என்றே எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைக்கலாம்.

பணம் போய்விட்டால்? செயலி வழியாகக் கட்டியிருந்தால் முதலில் அங்கேயே திருப்பிக் கேளுங்கள். கடன் அட்டை என்றால் வங்கியிடம் முறையிடலாம். நேரில் தந்த ரொக்கத்துக்கு இரண்டு வழியும் இல்லை. அதோடு, சட்டம் தடுக்கும் ஒரு வாடகையைக் காட்டி நீதிமன்றத்தில் நியாயம் கேட்பது எளிதல்ல.

முறையான வாடகை என்றால் வழி இருக்கிறது. காலி செய்த பிறகும் முன்பணத்தைத் தராமல் இழுத்தடிக்கும் உரிமையாளர் மீது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் அதன் வரம்புக்குள் வரும். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, வைக்கவும் முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளி. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். அங்கே போகும்போது ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4 ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அவ்வளவுதான். அதைக் கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குடிபுகுந்த அன்றும் காலி செய்த அன்றும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் முன்பணம் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.