கால் அறியும் ஜரிகைப் பூ

2016-இல் வந்த ஐபோன் 7-இன் ஹோம் பட்டன் 'டக்'கென்று அமுங்கும். போனை அணைத்துவிட்டு அழுத்தினால் கல்லாக நிற்கும். உண்மையில் அது எப்போதுமே அமுங்கியதில்லை. விரல் அழுத்துவதை உணர்ந்ததும் உள்ளேயிருக்கும் சிறு மோட்டார் ஓர் எடையை ஒரு கணம் உலுக்கும், அவ்வளவுதான்.

விரல் இதில் எப்படி ஏமாறுகிறது? தோலின் ஆழத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்கான நுண்ணுறுப்புகள் உள்ளன. பாசினி என்ற இத்தாலியர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் அவர் பெயரே அவற்றுக்கு. ஒரே சீரான அழுத்தத்தை அவை சட்டை செய்வதில்லை. தொடக்கம், முடிவு, அதிர்வு ஆகியவைதான் அவற்றுக்குச் செய்தி. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் அவை மிகக் கூர்மை. அதனால் சரியான வேகத்தில் ஒரு சிறு உலுக்கல் போதும், பட்டன் இறங்கியதாக மூளை முடிவு கட்டிவிடும். சென்னை ஐஐடியில் உருவான ஐடாட் திரையோ மின்புலத்தால் விரலுக்கும் திரைக்கும் இடையிலான உராய்வை மாற்றி, வழவழப்பான பரப்பிலேயே சொரசொரப்பை உணரவைக்கிறது.

இப்படி எந்தப் பாசாங்கும் தேவைப்படாத கருவி ஒன்று சந்தவாசல், ஆரணி வட்டாரத்து வீடுகளில் உண்டு: பட்டுத்தறி. நெசவாளரின் கண் துணியில் இருக்கும்; சேதிகள் வருவது கை கால் வழியே. தலைக்கு மேலே, மிதியை அழுத்தி இயக்கும் ஜக்கார்டு பெட்டி; டிசைன் அதன் அட்டைகளில் துளைகளாக இருக்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலேறும், அதோடு அதில் தொங்கும் இழைகளும் அவற்றின் அடியில் கட்டிய எடைகளும் ஏறும். ஏறும் கொக்கிகள் கூடக் கூட மிதி கனக்கும். அடர்ந்த பூவுள்ள வரி கனம், பூ மெலியும் வரி லேசு. டிசைனைக் கால் எடைபோட்டுப் பார்க்கிறது என்றே சொல்லலாம். அட்டை நகராமல் சிக்கிக்கொண்டால் கனம் மாற வேண்டிய இடத்தில் மாறாது. பலகையை இழுத்து அடிக்கும்போது ஊடை எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதைக் கைக்குத் திரும்பும் உதை சொல்லிவிடும். நாடா பாவில் மாட்டினால் கயிற்றைச் சுண்டிய மணிக்கட்டுக்கு உடனே தெரியும்.

மிதியின் இந்தக் கனம்தான் முழங்காலையும் தேய்க்கிறது. மோட்டார் பூட்டிய ஜக்கார்டு வந்திருப்பது நல்ல காரியம். வலியைக் கலையென்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெட்டியை மோட்டார் தூக்கினால், கால் அழுத்துவது வெறும் சுவிட்ச். எந்த வரியானாலும் ஒரே லேசு.

விமானத்தில் இதே சிக்கல் முன்பே வந்தது. இறக்கைத் தகடுகளை ஹைட்ராலிக் விசை அசைக்கத் தொடங்கியதும், காற்றின் எதிர்ப்பு விமானியின் கைக்கு எட்டாமல் போயிற்று. பொறியாளர்கள் ஸ்பிரிங்குகளை வைத்து அந்த எதிர்ப்பைச் செயற்கையாகத் திருப்பித் தந்தார்கள். இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை நெருங்கினால் விமானியின் கைப்பிடியே நடுங்கி எச்சரிக்கும்.

தறி மோட்டாரை வடிவமைப்பவர்கள் மிதியிலும் இதைச் செய்யலாம்: பூ வரிக்குக் கொஞ்சம் கூடுதல் இறுக்கம், அட்டை சிக்கினால் ஒரு நடுக்கம். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை மட்டும் தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.