சுவரும் சுகாதாரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உடலைச் சுவராகவும் வாழ்வைச் சித்திரமாகவும் கொண்டு முன்னோர் மொழிந்த சொல் இது. நோயுற்ற உடல்களைத் தாங்கி நிற்கும் மருத்துவமனைக்கும் சுவர்கள் உண்டு. அச்சுவர்களின் மேற்பூச்சு எத்தன்மையதாய் இருத்தல் வேண்டும்? நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றாமல் காப்பதில் அதன் பங்கு எவ்வளவு? பெரிய மருத்துவமனையாயினும் சிறிய மருந்தகமாயினும், பழுது பார்க்கும் காலத்தில் பணம் எங்கே செல்கிறது என்பது இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது. ஆதலின் இதனை ஆராய்ந்து அறிதல் நலம்.

பத்துமலைக் கல்லும் வெண்சுதையும்

செந்தூலுக்கு வடக்கே, புகைவண்டிப் பாதை முடியும் இடத்தில் நிற்பது பத்துமலை. முருகன் குடிகொண்ட அம்மலை முழுவதும் சுண்ணாம்புப் பாறையே. இத்தகைய கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. அதனைக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஏற்று, மெல்ல மெல்லப் பழையபடி கல்லாகிறது. வெள்ளையடித்த சுவர் என்பது, உண்மையில், மலை மெல்லிய படலமாக விரிந்து நிற்பதேயாகும்.

சுண்ணாம்பின் சுகாதாரப் பயனும் இந்த மாற்றத்திலேயே அடங்கியிருக்கிறது. புதிதாகக் கரைத்த சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. கார அமில அளவையில் அது 12-க்கும் மேற்பட்டு நிற்கும். அக்காரத்தைப் பெரும்பாலான கிருமிகள் தாங்குவதில்லை. தோட்ட லயங்களுக்கும் தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் அடிக்கடி வெள்ளையடித்த பழைய வழக்கத்திற்கு இதுவே அடிப்படை. ஆனால், பூச்சு கல்லாக மாற மாறக் காரம் குறைகிறது. கிருமியைக் கொல்லும் ஆற்றலும் அதனோடு மறைகிறது. எனவே வெள்ளையடிப்பின் பயன் ஒரு முறை பூசிவிட்டு இருந்துவிடுவதில் இல்லை. மீண்டும் மீண்டும் பூசுவதில்தான் இருந்தது. மேலும், அச்சுவரைத் தேய்த்துக் கழுவ இயலாது. தேய்த்தால் மாவாக உதிரும். அழுக்கு நீரையும் உறிஞ்சிக் கொள்ளும்.

கழுவத்தக்க சுவரைத் தமிழர் அறியாதவர் அல்லர். சங்க நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை அரண்மனைச் சுவரின் சுதையைச் சிறப்பித்துப் பேசுகிறது. பிற்காலத்தில் செட்டிநாட்டுக் கொத்தனார்கள் அக்கலையை மேலும் உயர்த்தினர். பல நாள் ஊறிய சுண்ணாம்புடன் கடுக்காய் நீர், வெல்லம், முட்டையின் வெண்கரு முதலியவற்றைக் கலந்து, பல படலங்களாகப் பூசி, மேற்படலத்தைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். கண்ணாடிபோல் மின்னும் அச்சுவரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நுண்துளை குறைந்து மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதே அதன் இரகசியம். இன்றைய மருத்துவமனைப் பூச்சுகள் நாடுவதும் இதே குணத்தைத்தான். வேறுபாடு பொருளிலேயன்றி நோக்கத்தில் இல்லை.

சாயங்களின் இயல்பு

அடுத்து வந்தது எண்ணெய்ச் சாயம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகி, நீர் புகாத தோலாகிறது. ஆதலால் சுவரின் கீழ்ப்பாதிக்கு எண்ணெய்ச் சாயமும் மேற்பாதிக்கு வெள்ளையும் அடிப்பது பல பொதுக் கட்டடங்களில் வழக்கமாயிற்று. கையும் காலும் படும் பகுதி எதுவோ அதற்கே வலிய பூச்சு என்பது சிக்கனமான அறிவு. ஆனால் அதிலும் இரு குறைகள் இருந்தன. முதலாவது, பழைய வெள்ளைச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது. பழங்கட்டடங்களில் அச்சாயத்தைச் சுரண்டும்போது எழும் தூசி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இன்றும் நஞ்சேயாகும். இரண்டாவது, ஈரம் உலராத புதுச் சுவரில் எண்ணெய்ச் சாயம் பூசினால், சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிவிடும். பூச்சு பிசுபிசுத்து உரியும்.

இன்று மருத்துவமனைகளில் வழங்குவன பலவகை. நீரில் கரைக்கும் சாயங்களில், பிசின் துகள்கள் நீர் வற்றியபின் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. இவை மலிவானவை, கெட்ட நாற்றமும் குறைவு. எபாக்சிப் பூச்சு இரு பாகங்களாக வரும். இரண்டையும் கலந்தவுடன் அவை வேதிமுறையில் பின்னிப் பிணைந்து கெட்டியாகின்றன. வெளுப்பு மருந்தையும் தேய்ப்பையும் அது நன்கு தாங்கும். வெயில் பட்டால் மட்டும் மஞ்சளித்து மங்கும். மெருகிட்ட ஓடுகள் கிருமிக்கு இடமளிப்பதில்லை. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்துகள் அழுக்கை ஏற்கின்றன. பிளாஸ்டிக் தகடுகளின் இணைப்புகளைச் சூடேற்றி ஒட்டிவிட்டால் சந்து இராது. சுவரும் தரையும் கூடும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துக் கட்டினால் துடைப்பமும் துணியும் எளிதில் சென்று திரும்பும்.

மலேசியாவின் ஈரக்காற்று இதில் ஒரு தனிச் சிக்கல். கூரை ஒழுக்கோ குழாய்க் கசிவோ உள்ள சுவரின்மேல் நீர் புகாத பூச்சு பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாக எழும். கொப்புளம் உடைந்த இடத்தில் பூஞ்சைக் காளான் வளரும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்குச் சில பூஞ்சைகள் உயிருக்கே கேடு விளைப்பவை. ஆதலின் முதலில் ஒழுக்கை நிறுத்துதல், அடுத்துச் சுவரை உலர விடுதல், அதன்பின் பூசுதல் என்பதே முறை. இம்முறை மாறினால் விலையுயர்ந்த சாயமும் வீண்.

சுவரின் பங்கு எவ்வளவு?

தன்னைத் தொடும் கிருமிகளைத் தானே கொல்லும் என்று கூறி விற்கப்படும் சாயங்களும் இன்று உண்டு. அவற்றுட் பலவற்றில் வெள்ளி அணுக்கள் கலந்துள்ளன. அவற்றின் ஆற்றலைச் சோதிக்கும் வழக்கமான முறையொன்றில், கிருமிகள் 35 பாகை வெப்பத்தில், நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாத ஈரப்பதத்தில், 24 மணி நேரம் பூச்சோடு ஒட்டியிருக்கின்றன. நோயாளியின் அறைச் சுவரோ பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். அதன்மீது தூசி படிந்தால் வெள்ளிக்கும் கிருமிக்கும் தொடர்பே அறுந்துபோகும். சோதனைச்சாலையில் கிருமி செத்தது என்பதும், மருத்துவமனையில் நோய் குறைந்தது என்பதும் இரு வேறு செய்திகள். முன்னதற்குச் சான்று மிகுதி. பின்னதற்கு மிகக் குறைவு.

உலர்ந்த பரப்புகளில் சில கிருமிகள் நாட்கணக்கிலும், சில மாதக்கணக்கிலும் உயிர்த்திருக்கக்கூடும் என்பது மெய்யே. ஆயினும் அவை நோயாளியை அடையப் பெரும்பாலும் ஒரு கை வேண்டும். கட்டிலின் பக்கக் கம்பி, கதவுப்பிடி, விளக்கு விசை, மருந்து மேசை ஆகியவற்றைக் கைகள் ஓயாது தொடுகின்றன. உயரச் சுவரைத் தொடுவார் இலர். அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்கள் 2003-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வேற்றுமையை வலியுறுத்துகின்றன. அடிக்கடி தொடப்படும் பரப்புகளை அடிக்கடியும், சுவர்களை அழுக்குப் புலப்படும்போதும் தூய்மை செய்தல் வேண்டும் என்பது அவற்றின் கருத்து.

கையின் முதன்மையை உலகுக்கு உணர்த்தியவர் வியன்னா நகர மருத்துவர் செம்மல்வைஸ். 1847-இல் அங்குள்ள பிரசவ விடுதியில் தாய்மார்கள் காய்ச்சலால் மடிந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர் விதித்தார். ஜூன் மாதத்தில் அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது. அவர் மாற்றியது சுவரை அன்று. சுண்ணாம்பு சுவரிலிருந்து கைக்கு வந்தது, உயிர்கள் பிழைத்தன.

காற்றின்வழிப் பரவும் நோய்க்குச் சுவரால் ஆவது இன்னும் குறைவு. காசநோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மலேசியாவின் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961-இல் தொடங்கியது. அதன் நடுவிடமாக விளங்கிய தேசியக் காசநோய் மையம், செந்தூலுக்கு அண்மையில் உள்ள ஜாலான் பகாங்கில் அமைந்திருந்தது. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்திவலைகள் காற்றில் மிதந்து பிறர் நுரையீரலை அடைகின்றன. எத்தனை உயர்ந்த பூச்சும் அவற்றைத் தடுக்காது. திறந்த சாளரமும், வீசும் காற்றும், முகக்கவசமும், இடைவிடாத மருந்துமே அங்குக் காவல்.

துணி பிடிக்கும் கை

இவ்வாறாயின் நல்ல பூச்சு வேண்டாமோ எனில், வேண்டும். ஆனால் அதன் கடமை கிருமியைக் கொல்வதன்று, துடைப்பவருக்கு இடங்கொடுப்பது. வெடிப்பும் உதிர்வும் உள்ள சுவரை எவராலும் தூய்மை செய்ய இயலாது. சிறு தொகை வைத்திருக்கும் மருந்தகம் ஒன்று, சுவர் முழுமைக்கும் வெள்ளி கலந்த சாயம் பூசுவதைவிட, கட்டில் தலைமாடு, கைகழுவும் தொட்டியைச் சூழ்ந்த இடம், கழிப்பறை, தள்ளுவண்டி இடிக்கும் கீழ்ச்சுவர் ஆகியவற்றிற்கு மட்டும் வலிய பூச்சு இட்டு, எஞ்சிய பணத்தில் இன்னொரு கைகழுவும் தொட்டி அமைத்தால் நோயாளிகளுக்கு நன்மை மிகுதி.

தூய்மை செய்வதற்கும் முறை உண்டு. முதலில் சவர்க்கார நீரால் அழுக்கை நீக்க வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து கிருமியை அடைவதில்லை. மேலிருந்து கீழாகவும், தூய இடத்திலிருந்து அழுக்கான இடத்திற்கும் துணி செல்ல வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு வலிமையுள்ள வெளுப்பு நீர் 1 பங்குடன் 49 பங்கு தண்ணீர் சேர்த்தால், உலக நலவாழ்வு நிறுவனம் பொதுவான பரப்புகளுக்குப் பரிந்துரைத்த, நூற்றில் பத்திலொரு பங்கு வலிமை கிட்டும். அன்றன்று கலந்து அன்றே பயன்படுத்துவது நன்று. பூசியவுடன் துடைத்துவிடாமல் சிறிது நேரம் ஈரமாக நிற்க விடல் வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்துடனோ நவச்சார நெடியுள்ள மருந்துடனோ அதனைக் கலத்தல் ஆகாது; மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும்.

இந்தக் கணக்கையும் இந்த எச்சரிக்கையையும் அறிந்திருக்க வேண்டியவர் யார்? சாயம் விற்பவரோ கட்டடம் வரைபவரோ மட்டுமல்லர்; நாள்தோறும் வாளியும் துணியும் ஏந்தி வார்டுக்குள் நுழையும் தொழிலாளியே முதன்மையானவர். மலேசிய அரசு மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி 1997 முதல் குத்தகை நிறுவனங்களின் பொறுப்பில் விடப்பட்டது. குத்தகை மாறலாம், ஆட்கள் மாறலாம்; பயிற்சி மாறாமல் தொடர வேண்டும். மருந்துப் புட்டியின்மேல் உள்ள குறிப்பு அத்தொழிலாளி படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். கையுறையும் போதிய நேரமும் அவருக்குக் கிடைத்தல் வேண்டும். சுவருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கேனும் அவருடைய கல்விக்குச் செல்லுமாயின், அச்சுவர் தான் எழுப்பப்பட்ட பயனை அடையும்.