பப்பாசியில் கலப்பின விருத்தியும் இனத் தெரிவும்

இலங்கையின் கிராமங்களிற் பப்பாசி மரம் ஒன்றேனும் இல்லாத வளவைக் காண்பது அரிது. கிணற்றடியிலோ வேலியோரத்திலோ தானாக முளைத்து, எவரும் பராமரியாமலே காய்த்துப் பயன்தருவதால், இது முயற்சி வேண்டாத பயிர் என்ற எண்ணம் பலரிடம் நிலவுகின்றது. வீட்டுத் தேவைக்கு ஒரு மரத்தை வளர்ப்பவருக்கு அவ்வெண்ணத்தால் நட்டமில்லை. ஆயின், நெல்லோ மரக்கறியோ விளைந்த நிலத்தின் ஒரு பகுதியைச் சந்தைக்கான பப்பாசிக்கு ஒதுக்கும் கமக்காரரின் நிலை வேறு. பப்பாசி முளைத்து நான்கைந்து மாதங்களின் பின்னரே பூக்கும். பழம் பறிப்பதற்கு ஒன்பது மாதங்கள் வரை செல்லும். நெல்லில் இனத்தைத் தவறாகத் தெரிந்தவர் ஒரு போகத்தை இழப்பார். பப்பாசியில் தவறியவரோ, அத்தவற்றை அறிவதற்கு முன்னரே ஏறக்குறைய ஓராண்டு நிலத்தையும் நீரையும் பசளையையும் இழந்திருப்பார். எனவே நல்லினம் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றது, எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

நல்ல பழத்தின் விதை நல்ல மரத்தைத் தருமா?

நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக் கருவுறுவது. ஆதலால், நன்கு விளைந்த தூய வயலின் நெல்லை விதைநெல்லாக எடுத்துவைத்தால், அடுத்த போகத்திலும் அதே தன்மையுள்ள பயிரைப் பெறலாம். இவ்வழக்கத்தைப் பப்பாசிக்கும் பொருத்திப் பார்ப்பதே பலர் செய்யும் தவறாகும். பப்பாசிப் பெண்மரம் பிற மரத்தின் மகரந்தம் இன்றி விதைகொள்ளாது. அம்மகரந்தம் அயல் வளவிலுள்ள எந்த மரத்திலிருந்தும் வரக்கூடும். ஆகவே, உண்ட பழத்தின் இனிமை தாய்மரத்தின் இயல்பைக் காட்டுமேயன்றி, அப்பழத்தின் விதையிலுள்ள தந்தையின் இயல்பைக் காட்டாது.

கலப்பினப் பழத்தின் விதையிலும் இடர் உண்டு. அயல் மகரந்தம் கலவாதிருப்பினும், கலப்பின மரம் தன் பெற்றோர் இருவரினதும் வேறுபட்ட குணங்களைத் தன்னுள் கொண்டிருக்கும். அதன் விதைகளில் அக்குணங்கள் பிரிந்து வெவ்வேறு விதமாகச் சேரும். உதாரணமாக, பப்பாசியில் மஞ்சட் சதை சிவப்புச் சதையை அடக்கும் தன்மையுடையது. தூய மஞ்சள் இனத்தையும் சிவப்பு இனத்தையும் கலந்தால் முதற் சந்ததி முழுவதும் மஞ்சட் சதையுடன் பழுக்கும். அச்சந்ததியின் விதையை நட்டால் நான்கு மரங்களில் ஏறக்குறைய ஒன்று சிவப்புச் சதையைக் காட்டும். நிறத்தைப் போலவே பருமன், வடிவம், இனிமை, வீரியம் ஆகியனவும் பிரிந்துபோகும். நூறு மரங்களில் நூறு விதமான பழங்களைச் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கு ஒரே விலை கிடைப்பதில்லை.

மரத்தின் பால்

பப்பாசியில் ஆண், பெண், இருபால் என மூவகை மரங்கள் உள. ஆண்மரம் நீண்ட காம்புகளிற் கொத்தாகப் பூக்கும், காய்ப்பது அரிது. பெண்மரத்தின் பூ பருத்தது. அதன் பழம் பெரும்பாலும் உருண்டை வடிவினது. உள்ளே குழி பெரிது. இருபால் மரத்தின் பூவில் சூலகமும் கேசரங்களும் ஒருங்கே அமைந்திருக்கும். அதன் பழம் நீண்டோ பேரிக்காய் வடிவிலோ இருக்கும். குழி சிறிதாகவும் சதை தடிப்பாகவும் அமையும். பல சந்தைகள் விரும்புவது இதனையே.

இம்மூவகை எவ்வாறு சந்ததிகளிற் பிரிகின்றது என்பதைத் தென்னாபிரிக்காவில் ஹொஃப்மேயரும் அவாயித் தீவுகளில் ஸ்ரோறியும் 1938 ஆம் ஆண்டில் தனித்தனியே விளக்கினர். இருபால் மரத்தைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்தால், அதன் விதைகளிற் கால்பங்கு கருவிலேயே அழிந்துவிடும். எஞ்சியவற்றில் இருபால் மரம் இரண்டுக்குப் பெண்மரம் ஒன்று என்ற விகிதத்தில் நாற்றுகள் கிடைக்கும், ஆண்மரம் தோன்றாது. பெண்மரத்தை இருபால் மரத்தின் மகரந்தத்தாற் கருவுறச் செய்தால் இரண்டும் சரிபாதியாகக் கிடைக்கும். பெண்மரத்தை ஆண்மரத்துடன் கலந்தாலோ நாற்றுகளிற் பாதி ஆண்மரமாகி வீணாகும்.

குழி ஒன்றிற்கு மூன்று நாற்றுகளை நடுமாறு கூறப்படுவதன் காரணம் இதனால் விளங்கும். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதமுள்ள விதையில், ஒரு நாற்றை மட்டும் நட்டால் மூன்று குழிகளில் ஒன்று பெண்மரமாகும். மூன்று நாற்றுகளை நட்டால், 27 குழிகளில் ஒன்றில் மாத்திரமே மூன்றும் பெண்ணாக அமையும். பூத்தபின் நல்ல இருபால் மரம் ஒன்றை நிறுத்தி, ஏனையவற்றை நிலமட்டத்தில் வெட்டிவிடுதல் வேண்டும்.

கலப்பினம் உண்டாக்கும் முறை

கலப்பதற்கு முன் பெற்றோர் தூயவழியாதல் வேண்டும். தெரிந்தெடுத்த இருபால் மரத்தின் பூவை விரியுமுன் கடதாசிப் பையால் மூடி, அயல் மகரந்தம் புகாமற் காத்து விதை பெறுவர். அவ்விதையில் முளைத்தவற்றுட் சிறந்ததை மீண்டும் அவ்வாறே மூடுவர். இங்ஙனம் பல சந்ததிகள் சென்றபின், நாற்றுகள் யாவும் ஒரே சாயலாகும். பல பயிர்கள் இவ்வாறு நெருங்கிய உறவிற் கருவுற்றால் மெலிந்துபோகும். பப்பாசி அவ்வளவாக மெலிவதில்லை. இது இனவிருத்தியாளருக்கு வாய்ப்பானது. ஆயினும் ஒரு சந்ததிக்கு ஏறக்குறைய ஓராண்டு செல்வதால், இவ்வேலை அவசரத்திற்கு இணங்குவதன்று.

பின்னர் இரு தூயவழிகளைக் கலப்பர். தாயாகும் மரம் இருபாலாயின், நாளை விரியவிருக்கும் அரும்பை இன்று மெல்லப் பிளந்து, பத்துக் கேசரங்களையும் மகரந்தம் சிந்துமுன் அகற்றுதல் வேண்டும். தாய் பெண்மரமாயின் இவ்வேலை இல்லை. தந்தையின் மகரந்தத்தைச் சூல்முடியிற் பூசி, பையால் மூடி, நாளும் பெற்றோரும் குறித்த சீட்டைக் கட்டுவர். விதைக்காகப் பழம் முற்றுவதற்கு மேலும் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் செல்லும். ஒவ்வொரு பூவையும் கையாற் கலக்க வேண்டியிருப்பதே கலப்பின விதையின் விலை உயர்ந்திருப்பதற்குக் காரணமாகும்.

மலேசியா காட்டிய பாடம்

இம்முயற்சிக்கு மலேசியாவின் ‘எக்சோற்றிக்கா’ இனம் தக்க உதாரணமாகும். அவாயித் தீவுகளின் ‘சன்றைஸ் சொலோ’ இனிமையும் சிவப்புச் சதையும் உடையது. ஆனால் பழம் சிறியது. மலேசியாவின் ‘சுபாங் 6’ பெரிய பழம் தருவது. அந்நாட்டுச் சூழலுக்குப் பழகியது. 1972 ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் கலக்கும் வேலையை அந்நாட்டு விவசாய ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. கிடைத்த சந்ததியை மீண்டும் மீண்டும் சன்றைஸ் சொலோவுடன் கலந்தனர். இது பிற்கலப்பு எனப்படும். ஒவ்வொரு பிற்கலப்பிலும் சுபாங்கின் பங்கு பாதியாகக் குறையும். பருமனுள்ள பழத்தைத் தரும் மரங்களையே ஒவ்வொரு முறையும் தெரிந்தமையால், அந்த ஒரு குணம் மாத்திரம் இழக்கப்படாது நிலைத்தது. 15 ஆண்டுகளின் பின், 1987 இல் எக்சோற்றிக்கா கமக்காரர் கைக்கு வந்தது. இதன் பழம் 600 முதல் 800 கிராம் வரை நிறையுள்ளது.

1991 இல் வெளியிடப்பட்ட ‘எக்சோற்றிக்கா 2’, எக்சோற்றிக்காவையும் அதன் உடன்பிறந்த தூயவழி ஒன்றையும் கலந்து பெற்ற முதற் சந்ததிக் கலப்பினமாகும். பெற்றோர் இருவரும் பழத்தின் தன்மையில் ஒத்திருந்தமையாற் சுவையும் வடிவமும் மாறவில்லை. கலப்பினால் உண்டான வீரியத்தால் விளைவு கூடியது.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 2003 ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் மாநிலத்திற் பற்றீரியாவால் உண்டாகும் குருத்தழுகல் நோய் தோன்றியது. இலைகளிலும் காம்புகளிலும் நீர் கோத்த புள்ளிகள் உண்டாகி, குருத்து அழுகி, மரம் பட்டது. எக்சோற்றிக்கா இந்நோய்க்கு எளிதில் இரையாயிற்று; பெருந்தோட்டங்கள் அழிந்தன. இனிமைக்காகவும் அளவுக்காகவும் தெரிந்தெடுக்கப்பட்ட இனம், அக்காலத்திற் காணப்படாத நோயைத் தாங்குமா என எவரும் சோதித்திருக்க இயலாது. ஒரே இனத்திற் பெரிதும் தங்கியிருந்தமை நட்டத்தைப் பெருக்கியது. அதன்பின், நோயைத் தாங்கும் இனங்களை எக்சோற்றிக்காவுடன் கலக்கும் வேலை ஆரம்பமாயிற்று.

இனத்தை மதிப்பிடல்

புதிய கலப்பினம் ஒன்று நல்லதா என்பதை ஒரு மரத்தைக் கண்டோ ஒரு பழத்தைச் சுவைத்தோ கூறுதல் முறையன்று. வளவின் ஒரு மூலை எருப்பட்டதாகவும் மறுமூலை நீர் தேங்குவதாகவும் இருக்கலாம். நல்ல மூலையில் நின்ற இனம் நல்லினமாகத் தோன்றும். ஆகவே சோதனை நிலையங்களில் ஒவ்வோர் இனத்தையும் பல துண்டங்களில், திருவுளச்சீட்டின்படி இடம் குறித்து நடுவர். கமக்காரர் ஏற்கெனவே செய்கைபண்ணும் இனமும் அருகே நடப்படும். அதனை விஞ்சாத புதிய இனத்தாற் பயனில்லை.

கவனிக்கப்படுவனவும் பல. முதற்பூ தோன்றும் நாள், முதற்காய் நிற்கும் உயரம், மரமொன்றின் பழங்களின் தொகையும் நிறையும், சதையின் தடிப்பு, இனிமை, பறித்தபின் கெடாதிருக்கும் நாட்கள் என்பன அளக்கப்படும். தாழ்ந்த இடத்திற் காய்க்கத் தொடங்கும் மரத்தில் நெடுங்காலம் ஏணியின்றிப் பறிக்கலாம். காற்றுக்கும் அது எளிதில் விழாது.

இருபால் மரங்களின் பூக்கள் காலநிலைக்கேற்ப மாறுவதும் குறிக்கப்படும். கடும் வெப்பத்திலும் வறட்சியிலும் சூலகம் நலிந்து, அப்பூக்கள் ஆண்பூக்களைப் போலாகிக் காயின்றி உதிரும். குளிர்ந்த ஈரக்காலத்திற் கேசரங்கள் சூலகத்துடன் ஒட்டி, காய்கள் கோணலாகும். ஓரினம் ஈரவலயத்திற் சிறந்து உலர்வலயத்திற் பொய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதனாலேயே சோதனைகள் பல இடங்களிலும் பல பருவங்களிலும் நடத்தப்படுகின்றன.

நோய் தாங்கும் தன்மை தனியே ஆராயப்படும். பப்பாசிக்குப் பெரும்பகையான வளையப்புள்ளி வைரசு இலங்கையிலும் உண்டு. இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் கொள்ளும். காம்புகளில் எண்ணெய் படிந்தாற்போன்ற கோடுகளும் பழத்தில் வளையங்களும் காணப்படும். அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி மரத்திற் சிறிது நேரம் தங்கியதும் இந்நோயைப் பரப்பிவிடுவதால், பூச்சிநாசினியால் மாத்திரம் இதனைத் தடுக்க முடியாது. ஓரினம் இந்நோயைத் தாங்கும் எனக் கூறப்படின், அதற்கு நோய் அணுகாது என்பது பொருளன்று. நோயுற்றும் ஓரளவு விளைவு தரும் என்பதே பொருள்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

திணைக்களம் சிபார்சு செய்த ‘ரத்னா’ இனமும், தாய்வானிலிருந்து வந்த ‘றெட் லேடி’ கலப்பினமும் இலங்கையிற் பலர் அறிந்தவை. எதனைத் தெரிந்தாலும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று.

1. கலப்பினப் பழத்தின் விதையை மறு நடுகைக்கு எடுத்துவைத்தல் ஆகாது. ஒவ்வொரு முறையும் நம்பத்தகுந்த இடத்தில், முத்திரையிட்ட பொதியிலுள்ள விதையை வாங்குதல் வேண்டும்.

2. தூயவழி இனத்தின் விதையைத் தாமே பெற விரும்புவோர், நோயற்ற இருபால் மரத்தின் அரும்பை விரியுமுன் பையிட்டு மூடி, காய் பிடித்தபின் பையை அகற்றி, அக்காயை அடையாளமிட்டு முற்றவிடுதல் வேண்டும்.

3. புதிய இனத்தை முதலாண்டில் நிலம் முழுவதும் நடாது, பழகிய இனத்தின் அருகே பத்து அல்லது இருபது மரங்களை மாத்திரம் நட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டிற்கும் ஒரே பசளையும் ஒரே நீரும் அளித்தல் அவசியம்.

4. ஒவ்வொரு பறிப்பிலும் பழங்களின் தொகை, நிறை, விற்ற விலை ஆகியவற்றைக் கொப்பியிற் பதிதல் வேண்டும். மிகச் சிறந்த மரத்தைக் கொண்டல்ல, எல்லா மரங்களின் சராசரியைக் கொண்டே முடிவுசெய்தல் வேண்டும்.

5. நோயுற்ற பழைய தோட்டத்தின் அருகே நடுகையைத் தவிர்த்து, வைரசு கண்ட மரத்தைத் தாமதியாது அகற்றுதல் வேண்டும்.

6. இடவசதி உள்ளவர் ஒரே இனத்தில் முழுதும் தங்கியிராது, வேறோர் இனத்தையும் சிறிதளவு வைத்திருத்தல் பாதுகாப்பாகும்.

இனவிருத்தி நிலையத்திற் பதினைந்து ஆண்டுகள் சோதித்த இனமும், கமக்காரரின் மண்ணில், அவரது கிணற்று நீரில், அவரது சந்தைக்குக் காய்க்கும்போதே இறுதிச் சோதனைக்கு உட்படுகின்றது. அச்சோதனையைப் பத்து மரங்களுடன் நடத்துபவர், இனம் பொருந்தாவிடின் பத்துக் குழிகளை மாத்திரமே இழப்பார். பொருந்துமாயின், அடுத்த ஆண்டு தம் நிலத்தை நம்பிக்கையுடன் அதற்கு ஒதுக்குவார். ஐயம் ஏற்படின் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறலாம்.